புகைக்கூட்டின் மறுபக்கம்



ஆங்கில நாவல்களில் வருகின்ற கணப்படுப்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் இலக்கியத் திறனாய்வாளன் அல்லன். இலண்டனில் நூற்றிருபது வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு வீட்டிலே குடியிருந்து, அந்த வீட்டின் பழைய கணப்படுப்புக்குள் ஒரு விறகு அடுப்பைப் பொருத்தப் போய், ஒரு குளிர்காலம் முழுவதும் அலைந்தவன். ஆகவே நாவல்களைவிட அந்த அலைச்சலைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதன்முதலாக இந்தக் கணப்படுப்பை நான் கண்டது யாழ்ப்பாணத்திலே, ஓலைக் கூரை வேய்ந்த ஒரு வகுப்பறையில். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்மஸ் கதையின் சுருக்கத்தை எங்கள் ஆங்கில ஆசிரியர் வாசித்துப் பொருள் சொல்லிக்கொண்டு போனார். பங்குனி மாத வெயில். கதையிலே எல்லோரும் நெருப்பைச் சுற்றி இருக்கிறார்கள். ஆசிரியர் அந்த இடத்தை ‘அடுப்படி’ என்று மொழிபெயர்த்தார். பின்வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, “சேர், ஏன் இவை எல்லாரும் எந்தநேரமும் குசினிக்குள்ளையே இருக்கினம்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். ஆனால் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்வது எளிதுமல்ல. நமது ‘அடுப்பு’ என்ற சொல்லுக்குள்ளே சமையல் இருக்கிறது. அடுதல் என்றால் சமைத்தல். ஆங்கிலேயருடைய கணப்பிலோ, குறிப்பாக முன்னறைக் கணப்பிலே, சோறு வேகுவதில்லை. மனிதர்தான் தங்கள் குளிரைப் போக்கிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மொழியில் பார்வை குவியும் இடத்துக்குச் சொல்லுகிற ‘ஃபோகஸ்’ என்ற வார்த்தை இலத்தீனிலே அடுப்பைக் குறித்த சொல். வீட்டிலே எல்லாருடைய கண்ணும் போய் நிற்கும் இடம் அதுதான் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் வாங்கிய வீடு தென் இலண்டனில் டூற்றிங் பகுதியில் இருக்கிறது. நம்மவர்களின் கடைகள் நிறைந்த இடம். 1890களில் ஒரே சீராகக் கட்டப்பட்ட தொடர் வீடுகளில் ஒன்று. இரண்டு வீடுகளுக்கு இடையில் ஒரே சுவர். அந்தக் காலத்தில் அறைக்கு ஓர் கணப்படுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புகைக்குழல் சுவருக்குள்ளே மேலேறி, கூரைக்கு மேலே இரு வீட்டுக் குழல்களும் ஒரே புகைக்கூட்டில் சேர்ந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் மண்ணாலான குழல்வாய்கள் வரிசையாகத் தெரியும். எந்த வாய் எந்த அறைக்குரியது என்று இன்றைக்கு அந்தத் தெருவிலே யாருக்கும் தெரியாது.

முன்னறையில் எங்களுக்கு முன் இருந்தவர்கள் ஒரு பலகையை அடித்து மூடி, அதன் முன்னால் எரிவாயுக் கணப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். அது பழுதானபோது பலகையைக் கழற்றினேன். உள்ளே கூடை கணக்கில் கரியும் சுள்ளியும் காய்ந்த புறாக்கூடும். அவற்றை அள்ளிய பிறகு தெரிந்தது, வளைந்த வாயுடைய வார்ப்பிரும்புச் சட்டம். அதன் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஐந்தாகச் சதுரமான வர்ணப் பீங்கான் ஓடுகள். கடும் பச்சை நிலத்தில் மஞ்சள் பூ. ஒன்று மட்டும் மூலையில் வெடித்திருந்தது. சட்டத்தைச் சுற்றி மாபிள் போலத் தோன்றும்படி வர்ணம் பூசிய கற்பலகை. வீடு வாங்கியபோது இப்படி ஒன்று உள்ளே கிடக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. டிக்கன்ஸின் கதையிலே அந்தக் கஞ்சக் கிழவருடைய அறைக் கணப்பிலும் ஓடுகள் வரும். பழைய ஒல்லாந்து வியாபாரி ஒருவன் பதித்த, வேதாகமக் காட்சிகள் தீட்டிய ஓடுகள். வகுப்பிலே அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தோம். முப்பது வருடங்களுக்குப் பிறகு என் வீட்டு நிலத்தில் முழங்காலிட்டு இருந்தபோதுதான் அந்த இடம் எனக்கு விளங்கியது.

விளங்கியதோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 2020, 2021 ஆகிய இரண்டு நத்தார்க் காலங்களிலும் அதிலே விறகு மூட்டி எரித்தேன். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். தச்சுக் கழிவுத் துண்டுகள், கடையில் வாங்கிய பை விறகு, கிடைத்ததெல்லாம் எரித்தேன். நல்ல வெளிச்சம். ஆனால் அறை சூடாகவில்லை. முகம் வேகும், முதுகு குளிரும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த சங்கதி அல்ல. திறந்த கணப்பின் சூட்டிலே பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடுகிறது. போகும்போது அறையிலிருந்த சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்த விரயத்தைக் கணக்கிட்டுச் சொன்னவர் றம்ஃபோர்ட் பிரபு என்ற பட்டம் பெற்ற பென்ஜமின் தொம்சன். அமெரிக்காவிலே பிறந்து, இங்கிலாந்துக்காக உளவு பார்த்து, பவேரியாவிலே உயர்பதவி வகித்த விசித்திரப் பிறவி. 1796இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: கணப்பின் ஆழத்தைக் குறைக்க வேண்டும், பக்கச் சுவர்களைச் சரிவாக வைத்து வெப்பத்தை அறைக்குள் திருப்ப வேண்டும், புகை போகும் தொண்டையை நான்கு அங்குலமளவுக்குச் சுருக்க வேண்டும். இலண்டனின் பெரிய வீடுகளிலெல்லாம் பழைய அகன்ற கணப்புகளுக்குள் செங்கல் வைத்துச் சுருக்கும் வேலை மும்முரமாக நடந்தது.

நாவலுக்கு வருகிறேன். ஜேன் ஒஸ்ரினின் ‘நோதாங்கர் அபே’ 1817 கடைசியில் வெளியானது. பேய்க்கதைகளைப் படித்துக் கனவு கண்ட ஒரு பெண் ஒரு பழைய மடத்து மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள். பிரமாண்டமான, சிற்பம் செதுக்கிய பழைய கணப்பை எதிர்பார்த்து அறைக்குள் நுழைகிறாள். அங்கே இருப்பதோ றம்ஃபோர்ட் முறையில் சுருக்கப்பட்ட ஒன்று. அவளுக்கு ஏமாற்றம். நாம் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் ஆசிரியையின் எண்ணம். ஆனால் பழைய கணப்புக்குள் புதியதைச் செருகுவதா விடுவதா என்ற என் சங்கடம் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே ஏற்கெனவே இருக்கிறது. நான் அந்தப் பெண்ணின் பக்கமா, வீட்டுக்காரரின் பக்கமா என்று இன்றைக்கும் எனக்கு முடிவாகச் சொல்ல வராது.

2022 வந்தது. அந்த வருடம் இலங்கையிலே எரிவாயுச் சிலிண்டருக்கு மக்கள் வரிசையில் நின்றதை நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரிலே தனியாக இருந்த அம்மா, மூலையில் தூங்கிய விறகடுப்பை மெழுகி மறுபடி மூட்டினா. பொச்சுமட்டையும் பனைமட்டையும் பொறுக்கி எரிக்கிறதாகத் தொலைபேசியிலே சொன்னா. அதே வருடம் இங்கிலாந்திலும் எரிவாயு விலை ஏறி, சூடாக்கும் கருவியைப் போடுமுன் மீற்றரைப் பார்க்கிற நிலைமை வந்தது. இலண்டனிலும் விறகு அடுப்பு விற்கிற கடைகளில் காத்திருப்போர் பட்டியல். எழுபத்தெட்டு வயதான அம்மா ஐப்பசி மாதம் எங்களிடம் வருவதாக முடிவாயிற்று. வருகிறவ குளிரிலே நடுங்கக்கூடாது என்று நானும் ஓர் அடுப்புக்குச் சொல்லிவைத்தேன். கண்ணாடிக் கதவு வைத்த, காற்றை அளந்து விடுகிற இரும்புப் பெட்டி. திறந்த கணப்பைப் போலன்றி, விறகின் வெப்பத்தில் முக்கால் பங்களவை அறைக்கே தரக்கூடியது.

அம்மா வந்திறங்கி இரண்டாம் நாள் அதன் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தா.

“தம்பி, நாங்கள் காஸ் இல்லாமல் விறகு எரிச்சம். நீ காஸ் இருக்க, காசு குடுத்து விறகு எரிக்கப் போறாய் என்ன?”

அடுப்புப் பொருத்த வந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். ஐம்பது வருடமாகக் கரிக்குள்ளே வாழ்ந்த கைகள். அவர் முதலில் அடுப்பைப் பார்க்கவில்லை, சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். இரும்புச் சட்டத்தின் வாய் சிறியது. நிலக்கரிக்காகச் செய்தது. விறகு அடுப்பு அதற்குள் போகாது. சட்டத்தைக் கழற்றினால் பின்னாலே கட்டடக்காரர் விட்ட பெரிய செங்கற் குகை இருக்கும், அதற்குள் அடுப்பு நிற்கும் என்றார். பெரும்பாலானவர்கள் சம்மட்டியால் உடைத்து எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம். வார்ப்பிரும்பு ஓர் அடிக்கே வெடித்துவிடும். வேலையும் சுருக்கமாக முடியும்.

என் வாயிலிருந்து “சரி” என்ற சொல் வரப்போன நேரத்தில், அவர் வேறொன்று சொன்னார். “சட்டத்தைப் பற்றிப் பிறகு யோசிப்போம். முதலில் புகைக்குழல் மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார்களா?”

பக்கத்து வீட்டுக்காரரை எதற்கு என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டில் ஓர் இளம் தம்பதியினர். அவர்களுக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை. எங்களுக்கிடையில் பிணக்கும் இல்லை, பெரிய நெருக்கமும் இல்லை. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தாள். புகைச் சோதனை என்றதும், வாருங்கள் என்று மாடி வரைக்கும் போக விட்டாள்.

சோதனை இப்படி நடந்தது. முதலில் குழலைத் தூரிகையால் துப்புரவு செய்தார்கள். பிறகு தீப்பந்தால் சூடாக்கினார்கள். குழல் குளிர்ந்திருந்தால் புகை மேலே ஏறாது. அதன்பின் இரண்டு புகைக் குளிகைகளைக் கொளுத்தி உள்ளே வைத்து, கீழ்வாயை அடைத்தார்கள். கூரையில் நின்ற உதவியாள் குழல்வாயால் புகை வருவதைக் கண்டதும் மேல்வாயையும் மூடினான். இனிப் புகை போக வழியில்லை. எங்காவது ஓட்டை இருந்தால் அதற்குள்ளால் வரவேண்டும். பெரியவர் எங்கள் வீட்டு அறைகளைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அது குழந்தையின் அறை. சுவரோரமாகத் தொட்டில் போன்ற சிறு கட்டில். பக்கத்தில் பழைய படுக்கையறைக் கணப்பின் வாயை ஒரு வெள்ளைப் பலகை மூடியிருந்தது, ஈரம் தங்காமல் இருக்க அதில் ஒரு காற்றுச் சல்லடை. அந்தச் சல்லடைக்குள்ளால், ஒருவர் மெல்ல மூச்சு விடுவது போல, வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது.

ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண், “போன வருடம் நத்தார் நேரம் இந்த அறையில் சில இரவுகளில் ஒரு மணம் வந்தது. தெருவிலிருந்து வருகிறது என்று நினைத்து யன்னலை இன்னும் இறுக்கிப் பூட்டினோம்” என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லும் குரலில் அதைச் சொல்லவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள். போன வருட நத்தாருக்கு நெருப்பு மூட்டியது யார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியும் புகையைவிடப் பயங்கரமானது அதனோடு வரும் காபனோரொட்சைட்டு வாயு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தில் தான் ஏறிக்கொள்ளும். உறங்குகிறவர் உறக்கத்திலேயே போய்விடுவார். என் பிள்ளைகளுக்கு வெளிச்சம் காட்டுகிறேன் என்று நான் மூட்டிய நெருப்பு அந்தக் கட்டிலுக்கு இரண்டு முழத்தில் மூச்சு விட்டிருக்கிறது. நான்தான் எரித்தேன் என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது போலிருந்தது. அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “இனி எரிக்காதீர்கள்” என்று மட்டும் சொன்னாள்.

ஓட்டை எப்படி வந்தது என்பதைப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தபின் விளக்கினார். இரு குழல்களுக்கும் நடுவில் இருப்பது அரைச் செங்கல், அதாவது நாலரை அங்குலத் தடுப்பு மட்டுமே. நூறு வருட நிலக்கரிப் புகையின் கந்தகமும் ஈரமும் சேர்ந்து அமிலமாகி, கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தை அரித்துவிடுகிறது. எங்கே அரித்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. பேசிக்கொண்டே அவர் கணப்பின் தொண்டைக்குள் கையை விட்டு, உள்பூச்சிலிருந்து ஒரு கட்டியை உடைத்து எடுத்துக் காட்டினார். “பழையகாலப் பூச்சு. சுண்ணாம்பு, மணல், மாட்டுச் சாணம்.”

சோபாவில் போர்வையைப் போர்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் அதை மொழிபெயர்த்தேன்.

“சாணகமோ? வெள்ளைக்காரனோ?”

கட்டியை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தா. மணம் எப்போதோ போய்விட்டது. நகத்தால் சுரண்டி, உள்ளே தெரிந்த வைக்கோல் நாரைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினா. இலண்டனுக்கு வந்த பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்தரம். பெரியவருக்கும் காரணம் விளங்காமலே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சொன்னா: “இதைச் சொல்லு அவருக்கு. நாங்கள் வெள்ளிக்கு வெள்ளி மெழுகுவம். இவை நூறு வருசத்துக்கு ஒருக்கா எண்டால் வெடிக்காமல் என்ன செய்யும்?”

அவ சொன்னது வேடிக்கை என்றாலும் விசயம் அதுதான். அந்தக் குழல்களைப் பேணி வந்த கைகள் யாருடையவை என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். குறுகிய குழல்களுக்குள்ளே ஏறிக் கரி சுரண்டியவர்கள் சிறு பையன்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளையும் இதற்கு விற்றார்கள். அவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த ஒருவகைப் புற்றுநோய் கரியினாலே வருகிறது என்று பேர்சிவல் பொட் என்ற வைத்தியர் 1775இல் எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் தொடுத்துக் காட்டிய முதல் எழுத்துகளில் அது ஒன்று. வில்லியம் பிளேக் 1789இலும் 1794இலும் வெளியிட்ட இரு தொகுதிகளிலும் புகைக்கூட்டுச் சிறுவனைப் பற்றி ஒவ்வொரு கவிதை உண்டு. டிக்கன்ஸின் ஒலிவர் ருவிஸ்ற் என்ற அநாதைச் சிறுவன் அப்படியொரு முதலாளியிடம் விலைபோகத் தப்புகிறான். சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. ஒன்றையும் யாரும் மதிக்கவில்லை. 1875இல் ஜோர்ஜ் புறூஸ்ரர் என்ற சிறுவன் ஒரு மருத்துவமனையின் புகைக்குழலுக்குள் அகப்பட்டு இறந்த பிறகு, அதே ஆண்டு வந்த சட்டம்தான் இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. எங்கள் வீடு கட்டப்பட்டது அதற்குப் பிந்தி. ஆகவே எங்கள் குழலுக்குள் பையன் யாரும் ஏறியிருக்க மாட்டான். அந்த அளவில் எனக்கு ஓர் ஆறுதல்.

கணப்பைப் பாடிய இலக்கியம் ஏராளம். கணப்பின் பின்பக்கத்தைப் பாடியது குறைவு. அதிலே எனக்குப் பிளேக்கின் மீது மதிப்பு அதிகம்.

புகை சுவருக்குள்ளே மட்டும் நிற்பதில்லையே. 1952 டிசெம்பர் 5ஆம் திகதி தொடங்கி ஐந்து நாட்கள் இலண்டன் நகரம் தன் வீட்டுக் கணப்புகளினதும் தொழிற்சாலைகளினதும் நிலக்கரிப் புகைக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தது. அப்போது நான்காயிரம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். பின்னைய ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை போகின்றன. அதன் விளைவாக 1956இல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்து, புகைக் கட்டுப்பாட்டு வலயங்கள் ஏற்பட்டன. எங்கள் தெருவும் அத்தகைய வலயத்துக்குள் இருக்கிறது. அப்படியான இடத்திலே திறந்த கணப்பில் விறகு எரிக்கவே கூடாது. இதற்கென்று அங்கீகாரம் பெற்ற அடுப்பிலே மட்டும் எரிக்கலாம். நான் இரண்டு நத்தாரும் செய்தது ஆபத்து மட்டுமல்ல, சட்டவிரோதமும்கூட. அதையும் பெரியவர்தான் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அடுப்பை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மனைவி விட்டுவிடச் சொன்னா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கையை அக்குளுக்குள் செருகியபடி இருந்தா. குழலை அப்படியே விட்டாலும் ஓட்டை ஓட்டைதான், நாளைக்கு இந்த வீட்டை வாங்கும் ஒருவன் என்னைப்போலவே பலகையைக் கழற்றி நெருப்பு மூட்டுவான் என்று பெரியவர் சொன்னது என்னைத் திருப்பியது. பழைய குழலுக்குள்ளே மேலிருந்து கீழ்வரை துருப்பிடிக்காத உருக்குக் குழாய் ஒன்றை இறக்குவதென்று முடிவெடுத்தோம். அடுப்பின் விலையைவிட அதற்கான செலவு கூடுதல். யாரும் பார்க்கப் போவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அடுப்பைத்தான் புகழுவார்கள்.

சட்டத்தை உடைக்க வேண்டாம் என்றேன். கூலி கூடும் என்றார். கூடட்டும் என்றேன். ஓடுகளைப் பென்சிலால் இலக்கமிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பிறகு சட்டத்தை மூன்று பேர் பிடித்து ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக முன்னுக்கு நகர்த்தினார்கள். பின்னாலிருந்து கொட்டிய கல்லும் கரியும் ஏழு சாக்கு. கற்பலகைச் சுற்றுவேலையில் கை வைக்கவில்லை. உட்குகையின் மேல் விட்டத்தைச் சோதித்து, கல்தளம் அடுப்புக் கதவுக்கு முன்னால் போதிய அளவு நீண்டிருக்கிறதா என்று அளந்தார்கள். தணல் தெறித்து விழுந்தால் மரத்தளத்தில் விழக்கூடாது. அடுப்பின் வலு 5 கிலோவாற்றுக்கு மேற்படாதபடி பார்த்துக்கொண்டோம். மேற்பட்டால் எங்களது போன்ற பழைய வீட்டிலும் சுவரில் நிரந்தரமான காற்றுத்துளை வைக்க வேண்டும். எங்கள் முன்னறை சிறியது, அதற்குப் பெரிய அடுப்பும் தேவையில்லை. பெரிய அடுப்பை வாங்கிக் காற்றைக் குறைத்து எரிப்பவர்களின் கண்ணாடி கறுத்துவிடும், குழலில் தார் படியும் என்றார் பெரியவர். குழாய் கூரையிலிருந்து கயிற்றிலே இறங்கியது. அடியில் அதற்கு மட்டும் துளைவிட்ட இரும்புத் தகடு ஒன்றால் பழைய தொண்டையை அடைத்தார்கள். அறைக் கூரையில் வாயு எச்சரிக்கை மணி. 2010 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில் புதிதாக அடுப்புப் பொருத்தினால் இது கட்டாயம். நான் இன்னொன்று வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் ஏற்கெனவே இரண்டு வாங்கி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது சோதனையன்று அந்தப் பெண்ணே குழந்தையின் அறையில் நின்றாள். நான் எங்கள் பின்முற்றத்தில் நின்று மேலே பார்த்தேன். பத்து நிமிடம் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு யன்னல் திறந்தது. குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினாள். குழந்தையும் விரித்துக் காட்டியது.

மார்கழி நடுவில் அடுப்பை மூட்டினோம். விறகின் ஈரத்தைப் பார்ப்பதற்கு ஊசி வைத்த கருவி ஒன்று வாங்கியிருந்தேன். ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழ் இருக்க வேண்டும். சில்லறையாக ஈரவிறகு விற்பதையே இங்கிலாந்தில் 2021 மே முதல் தடைசெய்துவிட்டார்கள். நான் கருவியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினா. ‘ணங்’ என்றது. “இது காய்ஞ்சது.” இன்னொன்றைத் தட்டினா. ‘தொப்’ என்றது. “இதைத் தள்ளி வை.” கருவியும் அதையே சொன்னது.

ஆனால் நெருப்பு வைக்கும் முறையில் அம்மா என்னோடு ஒத்துப்போகவில்லை. இந்தவகை அடுப்பில் பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே, நெருப்பும் மேலே. மேலிருந்து கீழாக எரிந்து வந்தால் கட்டையிலிருந்து கிளம்பும் புகை சுவாலைக்குள்ளால் போய்த் தானும் எரிந்துவிடும். “தலைகீழாய்க் கொளுத்திறாய், எரியாது பார்” என்றா. எரிந்தது. ஊதுகுழல் தேவைப்படவில்லை. அதுதான் அவவுக்குப் பெரிய அதிசயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த அடுப்பு குற்றமற்றது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு நல்ல அடுப்பாக இருந்தாலும் விறகிலிருந்து நுண்துகள்கள் காற்றில் கலக்கத்தான் செய்கின்றன. அந்நாட்டு நகரங்களின் நுண்துகள் மாசிலே வீட்டு விறகுக்கு ஒரு பெரும் பங்குண்டு. கதவைத் திறந்து கட்டை போடும்போதெல்லாம் கொஞ்சம் அறைக்குள்ளும் வருகிறது. வீட்டுக்குள்ளே எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் ஏழைநாட்டுக் குசினிகளில். அம்மாவின் இருமலுக்கு வயது அறுபது. அவ ஊதுகுழலோடு குனிந்திருந்த காலத்தில் நான் முற்றத்தில் இருந்து புத்தகத்தில் கணப்பைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ஆகையால் அடுப்பைத் தினமும் மூட்டுவதில்லை. கடுங்குளிர் நாட்களில் மாத்திரம் மூட்டுகிறோம். வருடத்துக்கு ஒருதரமாவது குழாயைத் துப்புரவு செய்விக்கிறோம். இது போதுமா என்று கேட்டால், போதாது என்று சொல்லுகிறவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

அன்று மாலை ஒரு சின்னச் சங்கதியைக் கவனித்தேன். எல்லோரும் கண்ணாடிக்கு நேரெதிரே இருந்தோம். அம்மா மட்டும் தன் கதிரையை ஒருபக்கமாக இழுத்து, முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு இருந்தா. “அம்மா, இதிலை புகை வராது, முன்னுக்கு வாங்கோ” என்றேன்.

“தெரியும் தம்பி” என்றா. ஆனால் கதிரையை நகர்த்தவில்லை.

பங்குனியிலே அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டா. ஊரில் சிலிண்டர் கிடைக்கத் தொடங்கியிருந்தது. போவதற்கு முதல்நாள், சாக்கில் சாய்த்து வைத்திருந்த வார்ப்பிரும்புச் சட்டத்தில் துரு பிடிக்கப் போகிறது என்று சொல்லி, நல்லெண்ணெய் தடவித் துடைத்து, தன் பழைய நூல்சேலை ஒன்றால் சுற்றிக் கட்டினா. பத்து ஓடுகளையும் இலக்க ஒழுங்கில் பத்திரிகைத் தாளில் பொதிந்து ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்தா. வெடித்த ஓட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தா, பாரம் விழாமல் இருக்க. மாடிப்படிக்குக் கீழே அவை இருக்கின்றன.